ஆட்டை வெட்டிய படம்

திண்டுக்கல் சமவெளியில் எடுத்த பறவைப் படங்களை வரிசையாக வைத்துப் பாருங்கள். பனங்காடை காய்ந்த குச்சியொன்றில் உட்கார்ந்திருக்கும், பின்னணி முழுக்கப் பச்சையும் பழுப்புமாகக் கரைந்து கிடக்கும். உண்ணிக்கொக்கு அலகில் வெட்டுக்கிளியோடு நிற்கும், சுற்றிலும் புல்லைத் தவிர ஒன்றும் தெரியாது. ஏதோ ஆளில்லாத வனாந்தரம் என்றே பார்ப்பவருக்குத் தோன்றும். ஆனால் அந்தக் குச்சி யாரோ ஒருவருடைய கிளுவை வேலியில் நிற்கும் குச்சி. அந்த வெட்டுக்கிளியைப் புல்லிலிருந்து கிளப்பிவிட்டது ஒரு எருமையின் கால். படத்தின் ஓரத்துக்கு அந்தப் பக்கம் வெள்ளாடுகளும், தொரட்டிக் கம்பும் தூக்குவாளியுமாக அவற்றின் பின்னால் ஒரு ஆளும் இருக்கிறார்கள். படத்தைக் கம்ப்யூட்டரில் போட்டதும் முதலில் வெட்டப்படுவது அவர்கள்தாம். வடமதுரை மாதிரியான மேய்ச்சல் பூமியில் இப்படி வெட்டி எடுத்த படம் பாதிப் படம் என்பது என் கட்சி. அந்த உயிர் எப்படிப் பிழைக்கிறது என்ற செய்தியே அதில் இல்லை. அதைவிட மோசமாக, இப்படிப்பட்ட படங்கள் குவியக் குவிய, மேய்ச்சலுக்கும் காட்டுயிருக்கும் சம்பந்தமே கிடையாது என்ற எண்ணம் வலுக்கிறது. அந்த எண்ணம் கடைசியில் நிலத்தின் தலையில்தான் விடிகிறது.

முதலில் நிலத்தைப் பார்ப்போம். திண்டுக்கல்லிலிருந்து திருச்சி போகும் நான்குவழிச் சாலையில் வடமதுரையைத் தாண்டினால் தெரிவது செம்மண், நூற்பாலைகள், முருங்கைத் தோட்டம், மழையை நம்பிய மானாவாரிக் காடு, நடுநடுவே பாறையும் முள்ளுமாக ஒரு கரடு. மழை பெய்தால்தான் வெள்ளாமை என்பதால் இங்கே ஆடு இல்லாத சம்சாரி வீடு குறைவு. வானம் கைவிட்ட வருஷத்திலும் பள்ளிக்கூடச் செலவுக்கும் கல்யாணச் செலவுக்கும் கைகொடுப்பது பட்டியில் நிற்கும் கிடாதான். வியாழக்கிழமை அய்யலூர்ச் சந்தையில் விடியுமுன்னே வந்து இறங்கும் ஆடுகளைப் பார்த்தவர்களுக்கு இந்த வட்டாரத்தின் பொருளாதாரத்தை விளக்க வேண்டியதில்லை. மேற்கே வேடசந்தூரைத் தாண்டி கரூர், தாராபுரம் பக்கம் போகப்போக இதே கால்நடை வளர்ப்பு இன்னும் ஒழுங்கான வடிவம் எடுக்கிறது. அதுதான் கொறங்காடு. சில ஏக்கர் நிலத்தைச் சுற்றி முள்கிளுவையை நட்டு உயிர்வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், புல்லுக்கு நடுவே வெள்வேல மரங்கள், நுழைய ஒரு படல். நிலம் பல துண்டுகளாக அடைக்கப்பட்டிருக்கும். ஒன்றில் மேய்ந்து முடித்ததும் அடுத்ததுக்கு மாற்றுவார்கள். மழை விழுந்தால் புல் தலையெடுக்கும்வரை படலைத் திறக்க மாட்டார்கள். கோடையில் புல் காய்ந்துபோனால் வெள்வேல நெற்று உதிர்ந்து ஆட்டுக்கும் மாட்டுக்கும் தீனியாகும். அமெரிக்கப் புல்வெளிப் பண்ணைகளைப் பற்றிப் படித்து ஆச்சரியப்படுகிறவர்கள், அதே சூத்திரம் ஈரோடு, திருப்பூர், கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் பல தலைமுறைகளாகக் கையடக்க அளவில் நடந்துவருவதைக் கவனிப்பதில்லை.

இனி உயிர்களுக்கு வருவோம். மேய்கிற மாட்டுக்குப் பக்கத்தில் உண்ணிக்கொக்கு நிற்பது எல்லோருக்கும் தெரிந்த காட்சி, அதனாலேயே யாரும் அதைப் படமெடுப்பதில்லை. தனியாக இரை தேடுவதைவிட மாட்டோடு நடக்கும்போது கொக்குக்குக் குறைந்த அலைச்சலில் அதிக இரை கிடைக்கிறது என்பதை ஆராய்ச்சியாளர்கள் எண்ணியே பார்த்திருக்கிறார்கள். கரிச்சான் ஆட்டு முதுகில் சவாரி போவதும் இதே கணக்குதான். மைனாவும் அப்படியே. சாணத்தைத் தேடி வண்டு வருகிறது, வண்டைத் தேடிக் கொண்டலாத்தியும் பனங்காடையும் வருகின்றன. மஞ்சள்மூக்கு ஆட்காட்டி வெட்டவெளியில், தரையோடு தரையாக முட்டையிடும் பறவை. இடுப்பளவு புதர் மண்டிய இடத்தில் அதற்கு வேலையில்லை. வானம்பாடியும் நெட்டைக்காலியும் அதே சாதி. குட்டையான புல், நடுநடுவே வெறுந்தரை, அங்கங்கே ஒரு முள்மரம் என்ற இந்த அமைப்பை யார் காப்பாற்றித் தருகிறார்கள்? மழையும் மண்ணும் ஒரு பங்கு, ஆட்டின் வாய் ஒரு பங்கு. மேய்ச்சல் நின்றுபோன இடத்தில் சில வருஷத்தில் சீமைக்கருவேலம் ஏறி நிழல் கட்டிவிடுகிறது. அதன்பிறகு அங்கே நெட்டைக்காலியைத் தேடினால் கிடைக்காது.

தேவாங்கை எடுத்துக்கொள்ளுங்கள், இந்த வட்டாரத்துக்கு உலகப் பெயர் வாங்கித் தந்த உயிர் அது. 1990களின் பிற்பகுதியில் அய்யலூர்ப் பகுதியின் முட்காடுகளிலும் அவற்றை ஒட்டிய இடங்களிலும் இரவிரவாக நடந்து ஆன்னா நெகாரிஸ் செய்த ஆய்வும், சிந்து ராதாகிருஷ்ணாவும் மேவா சிங்கும் செய்த ஆய்வுகளும்தான் இந்தச் சின்ன விலங்கின் வாழ்க்கையை உலகத்துக்கு விரிவாகச் சொன்னவை. எறும்பும் கரையானும் வண்டுமே அதன் பிரதான உணவு. அதற்குத் தாவத் தெரியாது. ஒரு கிளையை விடாமல் பிடித்துக்கொண்டே அடுத்த கிளையைப் பற்றும். அதனால் கிளையும் கிளையும் தொட்டுக்கொண்டிருந்தால்தான் அதற்குப் பாதை. காட்டோரத் தோட்டங்களில் அந்தப் பாதையாக இருப்பது உயிர்வேலி. அதை நட்டவர் தேவாங்கை நினைத்து நடவில்லை. பக்கத்துக் காட்டு ஆடு உள்ளே வரக்கூடாது, நம் ஆடு வெளியே போகக்கூடாது என்பதற்காக நட்டார். அந்த வேலியைப் பிடுங்கிவிட்டுக் கல்லுக்கால் ஊன்றிக் கம்பி கட்டினால் ஆட்டுக்குப் பெரிய வித்தியாசம் இல்லை, தேவாங்குக்குப் பாதை அறுந்துபோகிறது. 2022 அக்டோபரில் கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேரைக் கடவூர் தேவாங்கு சரணாலயமாகத் தமிழக அரசு அறிவித்தது. இந்தியாவில் தேவாங்குக்கென்று அமைந்த முதல் சரணாலயம். நல்ல காரியம், சந்தேகமில்லை. ஆனால் சரணாலயத்தின் எல்லைக்கோடு காப்புக்காட்டோடு நின்றுவிடுகிறது. வேலியும் வேலிக்காரரும் அதற்கு வெளியே.

கால்நடை வேலையும் காட்டுயிரும் ஒன்றையொன்று பழகிப்போனவை என்பதற்கு இன்னொரு சாட்சி, கொஞ்சம் கசப்பானது, பழைய வேட்டைக் குறிப்புகளில் கிடைக்கிறது. ஆள் நடந்துபோனால் அரைமைல் தூரத்திலேயே ஓடிவிடும் வெளிமானும் கானமயிலும், மாட்டுவண்டியை மட்டும் அருகே வரவிட்டுவிடும். வேட்டைக்காரர்கள் அதைத் தெரிந்துகொண்டு வண்டியில் மறைந்தே போய்ச் சுட்டார்கள். வண்டியும் மாடும் ஆபத்தில்லாதவை என்று அந்த உயிர்கள் நாள்தோறும் பார்த்துப் பார்த்துக் கற்றிருந்தன. இன்றைக்குப் புகைப்படக்காரர் உருமறைப்புத் துணியும் கூடாரமும் வாங்கி அடைய நினைக்கும் நெருக்கம், ஆடு மேய்ப்பவருக்குச் செலவில்லாமல் கிடைக்கிறது. அவர் தினமும் அதே வழியில், அதே வேகத்தில், அதே சத்தத்தோடு போகிறார். போதாததற்கு நேரமும் அவர் பக்கம். படமெடுக்கப் போகிறவர்கள் வெளிச்சம் நன்றாக இருக்கிறது என்று காலையில் வந்து, வெயில் ஏறியதும் காரைத் திருப்பிவிடுவார்கள். ஆடு மேய்ப்பவரின் நாளோ பனி உலர்ந்தபின் தொடங்கிப் பொழுது சாயும்வரை நீள்கிறது. உச்சிவெயிலில் கௌதாரி எந்தப் புதரடியில் ஒதுங்கும், ஆட்காட்டி எந்த இடத்தில் போனால் தலைக்குமேல் வட்டமடித்துக் கத்தும், நரி எந்தக் கரட்டிலிருந்து இறங்கும் என்பதெல்லாம் அவருக்கு வேலையின் பகுதி. நரி எங்கே என்று தெரியாதவர் குட்டியை இழப்பார்.

அப்படியிருக்க அவரும் ஆடும் படத்திலிருந்து ஏன் வெளியேற்றப்படுகிறார்கள்? அழகுணர்ச்சி ஒரு காரணம் என்றால், போட்டி விதி இன்னொன்று. சர்வதேசப் புகைப்படக் கூட்டமைப்பான ஃபியாப், அமெரிக்கப் புகைப்படச் சங்கம், பிரிட்டனின் ராயல் ஃபோட்டோகிராஃபிக் சொசைட்டி ஆகிய மூன்றும் 2014இல் இயற்கைப் புகைப்படத்துக்கு ஒரே வரையறையை ஏற்றுக்கொண்டன. அதன்படி படத்தில் மனிதக் கைவேலை எதுவும் தெரியக்கூடாது. வீட்டு விலங்குகள் கூடாது. கூகை, செங்கால் நாரை போல மனிதர் மாற்றியமைத்த சூழலுக்குப் பழகிக்கொண்ட உயிர்களின் கதையில் மனிதக் கைவேலை பிரிக்கமுடியாத அங்கமாக இருந்தால் மட்டும் விலக்கு உண்டு. ஐரோப்பிய வீட்டுக் கூரையில் கூடுகட்டும் நாரைக்குக் கிடைக்கும் அந்த விலக்கு, வெள்ளாட்டு முதுகில் உட்கார்ந்திருக்கும் கரிச்சானுக்குக் கிடைக்குமா என்பது நடுவரைப் பொறுத்தது. எந்தத் துணிச்சல்காரர் நுழைவுக் கட்டணம் கட்டி அதைச் சோதித்துப் பார்ப்பார்? இன்னொரு வேடிக்கையும் அதே விதிகளில் இருக்கிறது. படத்தில் இருக்கும் எதையும் மென்பொருளால் அழிக்கக்கூடாது, ஆனால் ஓரத்தை வெட்டிக்கொள்ளலாம். ஆட்டை அழித்தால் மோசடி, வெட்டினால் நேர்மை! இந்த விதி எழுதியவர்களின் கெட்ட எண்ணம் அல்ல. இட்டுக்கட்டிய காட்சியை இயற்கையாகக் காட்டி ஏமாற்றுபவர்களைத் தடுக்க அப்படி ஒரு வேலி தேவைதான். ஆனால் போட்டிக்கே போகாத நம்மாட்களும் அந்த விதியைக் கண்ணுக்குள் போட்டுக்கொண்டு திரிவதுதான் விசித்திரம்.

அந்தக் கண் இல்லாமலேயே பெரிய காட்டுயிர்ப் படக்காரராக இருந்தவர் ஒருவர் நம்மிடையே இருந்தார். மா. கிருஷ்ணன், நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன். 1950 முதல் 1996இல் இறக்கும்வரை ஸ்டேட்ஸ்மன் நாளிதழில் தொடர்ந்து பத்தி எழுதியவர், தமிழிலும் எழுதியவர். கடைசிவரை கறுப்புவெள்ளைப் படம்தான். தானே ஒட்டுப்போட்டுச் சேர்த்த கேமராவுக்கு ‘சூப்பர் பாண்டரோசா’ என்று பெயர் வைத்துக்கொண்ட குறும்புக்காரர். காட்டு யானையை எழுதிய அதே கையால் காகத்தையும் மைனாவையும் நாயையும் மாட்டையும் எழுதினார். ஊர் எங்கே முடிகிறது, இயற்கை எங்கே தொடங்குகிறது என்று கோடு கிழித்துக்கொண்டு அவர் உட்காரவில்லை. பின்னணி கரைந்துபோகும் லட்ச ரூபாய் லென்ஸ் அவரிடம் இல்லாததும் ஒரு பாக்கியம் என்று எனக்கு அடிக்கடி தோன்றும்.

சரி, படத்தில் ஆடு இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன, இதில் யாருக்கு நஷ்டம் என்று கேட்கலாம். நஷ்டம் அரசின் நிலக் கணக்கில் இருக்கிறது. மத்திய அரசு வெளியிடும் பாழ்நில வரைபடத்தில் முட்புதர் நிலமும் மேய்ச்சல் நிலமும் பாழ்நில வகைகளாகவே வருகின்றன. எம். டி. மதுசூதனும் அபி வனக்கும் 2022இல் வெளியிட்ட ஆய்வின்படி, மழை குறைந்த இந்தியாவின் திறந்தவெளி இயற்கை நிலங்கள் நாட்டின் பரப்பில் சுமார் பத்தில் ஒரு பங்கு. அதில் பாதுகாக்கப்பட்ட பகுதிக்குள் இருப்பது ஐந்து சதவீதம்கூட இல்லை. மிச்சம் முழுக்க எதற்கு வேண்டுமானாலும் கொடுக்கலாம் என்ற நிலையில் இருக்கிறது. மரம் நடும் விழாவுக்கு, பிளாட் போட, சூரியத் தகடு விரிக்க. சூரிய மின்சாரம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 2016இல் கமுதியில் 648 மெகாவாட் நிலையம் வந்ததற்கு ஏறத்தாழ 2,500 ஏக்கர் தேவைப்பட்டது. இந்த அளவு நிலம் இனியும் பல இடங்களில் தேவைப்படும். கேள்வி எந்த நிலம் என்பதே. காகிதத்தில் பாழ், படத்தில் ஆளில்லாத வெளி. இரண்டும் சேர்ந்தால் அங்கே ஒன்றும் நடக்கவில்லை என்றுதான் ஒரு அதிகாரி முடிவுக்கு வருவார். ஆடும் ஆளும் ஆட்காட்டியும் ஒரே படத்தில் இருந்தால் அது பயன்பாட்டில் இருக்கும் நிலம் என்பதற்குச் சாட்சி. இயற்கைக்காக வாதாடுகிறவர்கள் இந்தச் சாட்சியத்தைத் தாங்களே வெட்டி எறிவது எனக்குப் புரியாத புதிர்.

இப்போது மறுப்புகள். ‘ஆடு புகுந்த காடு உருப்படாது, நீங்கள் அதற்கு விளம்பரம் பிடிக்கிறீர்களே’ என்பது முதல் குரல். இதில் பாதி உண்மை. வெள்ளாடு கொழுந்தைக் கடித்தால் கன்று மரமாகாது. காப்புக்காட்டுக்குள் கணக்கில்லாமல் ஆட்டை விட்டால் அடிமண் வரை போய்விடும். புறம்போக்கில் யாருக்கும் பொறுப்பில்லாததால் புல் எழும்பவே விடாமல் மேய்வதும் நம் பக்கம் கண்கூடு. ஆனால் இது எல்லை மீறிய மேய்ச்சலுக்கு எதிரான வாதம், மேய்ச்சலுக்கே எதிரானதல்ல. பரத்பூர் கேவலாதேவ் பூங்காவில் 1982இல் கால்நடை மேய்ச்சலை முழுவதுமாகத் தடை செய்தார்கள். எதிர்த்த கிராமத்தார் துப்பாக்கிச்சூட்டில் உயிரிழந்தார்கள். அதற்குப்பின் எருமை மேயாத நீர்ப்பரப்பில் புல் மண்டி, நீர்ப்பறவைகளுக்குத் திறந்த தண்ணீர் குறைந்தது. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் அங்கே பத்தாண்டு நடத்திய ஆய்வு, மேய்ச்சல் அந்த இடத்துக்கு ஒரு கட்டுப்பாட்டுக் கருவியாக இருந்ததைச் சொன்னது. வட அமெரிக்கப் புல்வெளிகளில் காட்டெருமை மந்தைகள் செய்த வேலையை இன்று ஓரளவு பண்ணை மாடுகள் செய்கின்றன. அங்குள்ள புல்வெளிக் கோழி, சேவல்கள் கூடி ஆடுவதற்குக் குட்டைப் புல்லையும், பெட்டை அடைகாக்க உயர்ந்த புல்லையும் தேடும். ஒரே நிலத்தில் இரண்டும் வேண்டுமென்றால் மேய்த்த துண்டும் மேய்க்காத துண்டும் மாறிமாறி இருக்க வேண்டும். படலை அடைத்துவைத்து முறைவைத்து மேய்க்கும் கொறங்காட்டுக்காரர் கைக்கணக்கில் செய்வதும் இதுதான். அந்த ஒழுங்கையும் அது இல்லாத இடத்தையும் படம் சேர்த்தே காட்டட்டுமே. மேய்ந்து மொட்டையான புறம்போக்கையும், வேலிக்கு உள்ளே கணுக்காலைத் தொடும் கொழுக்கட்டைப் புல்லையும் ஒரே சட்டகத்தில் வைத்தால் பத்துப் பக்கக் கட்டுரையைவிட அது பேசும்.

‘மேய்ப்பவரைத் தெய்வமாக்காதீர்கள்’ என்பது இன்னொரு குரல். ஆக்கவில்லை. குட்டியைத் தூக்கிய நரியின்மேல் அவருக்குப் பாசம் இருக்க முடியாது. மயில் கடலைக் காட்டில் இறங்கினால் படமெடுப்பவருக்குத் தோகை, விதைத்தவருக்கு நட்டம். பட்டியோடும் ஊரோடும் சுற்றும் நாய்கள் நரிகளுக்கு நோய் பரப்புவதையும் ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். இந்த உரசல் எல்லாம் சேர்ந்ததுதான் அந்த நிலம். கடலைச் செடிக்கு நடுவே மயிலும், தகரத்தைத் தட்டி அதை விரட்டும் பெண்ணும் இருக்கிற படத்தைப் பார்த்தால், மயில் பெருகிவிட்டது என்று விவசாயிகள் மனு கொடுப்பது ஏன் என்று நகரத்தில் இருப்பவருக்கும் விளங்கும். தோகை மட்டும் இருக்கிற படம், விவசாயியை வில்லனாக்கத்தான் உதவும்.

எனக்கு உண்மையிலேயே தயக்கம் தரும் மறுப்பு ஒன்று உண்டு. சூழலோடு படம் எடுத்தால் இடம் தெரிந்துவிடும். கரட்டின் உருவம், கோயில் கோபுரம், வேலி மரம் எல்லாம் சேர்ந்து விலாசமாகிவிடும். மங்கிய பின்னணியில் அந்த ஆபத்து இல்லை. தேவாங்கு விஷயத்தில் இது சும்மா பயம் கிடையாது. மருந்து, மாந்திரீகம் என்ற மூடநம்பிக்கைகளுக்காக அதைப் பிடித்துச் சித்திரவதை செய்த வரலாறு உண்டு. இரவில் ஃபிளாஷ் அடித்து அதன் பெரிய கண்களைக் கூசவைக்கும் கூட்டம் வேறு. ஆய்வாளர்களே சிவப்பு வெளிச்சத்தில்தான் அதைப் பின்தொடர்ந்தார்கள். ஆகவே தேவாங்கும், கூட்டில் இருக்கும் எந்தப் பறவையும் இந்த வாதத்துக்கு விலக்கு என்று ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பட்டப்பகலில் ஆட்டோடு திரியும் கரிச்சானுக்கும் கொக்குக்கும் அந்த ரகசியம் தேவையில்லை. தேவாங்கின் கதையிலும் விலங்கைக் காட்டாமல் அது நடந்துபோகும் வேலியைக் காட்டலாம், ஊர்ப்பெயரை மாவட்டத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். தவிர, அடைத்த படலும் அதற்கு ஒரு சொந்தக்காரரும் இருக்கும் இடத்தில், கேட்காமல் நுழைபவரைத் தடுக்க ஆள் இருக்கிறது. காப்புக்காட்டின் ஓரத்தில் இரவு முழுக்கக் காவலுக்கு யார் நிற்கிறார்கள்?

ஆள் என்றதும் காசு பேச்சு வந்துவிடுகிறது, வரவும் வேண்டும். தெற்கு டெக்சஸில் 1990களில் தொடங்கிய ஒரு புகைப்படப் போட்டியில் படமெடுத்தவரோடு நிலத்துக்காரருக்கும் பரிசில் பங்கு வைத்தார்கள். அதுவும் முட்புதர் மண்டிய மாட்டுப் பண்ணைகள் நிறைந்த நாடு, நம் வேடசந்தூர் வெயிலுக்குச் சளைத்ததல்ல. மாட்டுக்குத் தண்ணீர்த்தொட்டி கட்டுபவர், பறவை இறங்கிக் குடிக்கவும் ஒரு ஓரத்தைச் சரித்துக் கட்டினால் தனக்கு லாபம் என்று நினைக்கத் தொடங்குவது இப்படிப்பட்ட ஏற்பாட்டில்தான். நெப்ராஸ்காவின் மணற்குன்றுப் புல்வெளியில் சில மாட்டுப் பண்ணைக் குடும்பங்கள், வசந்தத்தில் புல்வெளிக் கோழியின் ஆட்டத்தைப் பார்க்க வருபவர்களுக்கு மறைவிடம் அமைத்துக் கட்டணம் வாங்குகின்றன. அவ்வளவு தூரம் போக வேண்டாம். புணே மாவட்டத்தில் இந்தாபூர் பக்கத்துக் கட்பன்வாடியில் மகாராஷ்டிர வனத்துறை 2023இல் புல்வெளி சஃபாரி தொடங்கியிருக்கிறது. தங்கர் மேய்ப்பர்களின் செம்மறி மந்தைகளுக்கு நடுவே ஓநாய் திரியும் பூமி அது. நம் பக்கத்தில் வழிகாட்டியவருக்கு டீ வாங்கித் தருவதோடு கணக்குத் தீர்ந்துவிடுகிறது. படத்தின் கீழே லென்ஸின் நீளமும் ஷட்டர் வேகமும் வரும், யாருடைய காட்டில் எடுத்தது என்பது வராது. அவர் விரும்பினால் பெயரையும் போடலாம், ஒரு நாள் கூலியாவது கொடுக்கலாம். பேரம் பேசி லட்சத்தில் லென்ஸ் வாங்குகிறவருக்கு இது பெரிய தொகையில்லை.

காசில்லாமல் செய்யக்கூடிய ஒன்றும் இருக்கிறது. தமிழ்ப் பறவை ஆர்வலர்கள் 2015 முதல் பொங்கல் நாட்களில் பறவைக் கணக்கெடுப்பு நடத்துகிறார்கள். அறுவடை முடிந்த காட்டில் ஆடு மாடு இறங்கி மேய ஆரம்பிக்கும் நேரமும் அதுதான். கணக்கெடுக்கும்போது இத்தனை உண்ணிக்கொக்கு, இத்தனை கரிச்சான், இத்தனை பனங்காடை என்று இணையப் பட்டியலில் எழுதுகிறோம். குறிப்புப் பகுதியில் இன்னும் ஒரு வரி சேர்க்க இடமிருக்கிறது: மேய்ந்துகொண்டிருந்தது செம்மறியா, வெள்ளாடா, மாடா, தோராயமாக எத்தனை, வேலி கிளுவையா, கம்பியா. வடமதுரை, அய்யலூர், வேடசந்தூர் பக்கத்திலிருந்து நாலைந்து வருஷம் விடாமல் இந்த வரி பதிவானால், மந்தை குறைந்த காட்டில் எந்தப் பறவை குறைந்தது, வேலி மாறிய இடத்தில் எது காணாமல் போனது என்று எண்ணிக்கையை வைத்தே பேசலாம். ஓரம் வெட்டாத படம் ஒன்றையும் அந்தப் பட்டியலோடு ஏற்றிவிடுங்கள்.